அரை அங்குலம் செய்த வேலை

யுத்தத்தால் துணி கிடைக்காத சமயம். எனக்கும் நாத்தனாருக்கும் சமைக்கும்போது சேலைமேல் கட்டிக்கொள்ளும் ஏப்ரன் தைக்க, அரும்பாடுபட்டுக் காடாத் துணி வாங்கியிருந்தேன். பத்திரிகையில் கட்டங்களுக்குள் வந்த ஏப்ரனின் சிறு வெட்டுப் படத்தை, துணியிலேயே கட்டம் போட்டுப் பெரிதாக்கினேன். கட்டத்துக்கு ஓர் அங்குலம் வைக்க வேண்டியதை ஒன்றரையாக வைத்துவிட்டேன். ஒரே ஏப்ரனில் துணி தீர்ந்த பிறகுதான் தவறு புரிந்தது.

தைத்ததைக் கட்டிப் பார்த்த நாத்தனார், "மதினி, இதுக்குள்ள நாம ரெண்டு பேரும் நிக்கலாம்!" என்று சிரித்தாள். எனக்கோ அழுகை முட்டியது.

அப்போது கல்யாணச் சமையல் முடித்து வந்த என் கணவர், அதை வாங்கித் தம் பெருத்த வயிற்றில் கட்டினார்.

"எனக்கா தைச்ச? இம்புட்டு நாளா என் வயித்தை முழுசா மூடுன துணியே இல்ல புள்ள!"

மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

இப்போதெல்லாம் பழைய செய்தித்தாளில் வெட்டி, உடம்பில் வைத்துப் பார்த்த பிறகே துணியில் கத்தரி வைக்கிறேன். அவர் ஏப்ரன் அளவுக்கு வெட்டிய காகிதத்தை மட்டும் தனியாக வைத்திருக்கிறேன். அவருடைய சமையல் கூட்டாளிகளும் ஆளுக்கொரு ஏப்ரன் கேட்கிறார்கள்.