செவலை மாடு குத்திய தழும்பு

ஜனார்த்தனனின் முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே, ஒரு சாண் நீளத்துக்கு ஒரு தழும்பு உண்டு. அது செவலை மாடு குத்தியது. பரந்தன் சந்தியிலிருந்து உள்ளுக்குப் போகும் அந்தக் குடியேற்றத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். வண்டில் மாடு, வலது கொம்பு வளைந்தது, வைக்கோல் போடப் போனவனைக் குத்திவிட்டது. இவ்வளவு விபரம் சொல்கிறவர்களுக்கு, அப்படியொரு மாடு இந்தப் பூமியில் பிறக்கவேயில்லை என்பதும் நன்றாகத் தெரியும். அவனைக் குத்தியது செல் துண்டு, வெடித்துச் சிதறிய எறிகணையின் இரும்பு. மாத்தளனில், சண்டையின் கடைசி மாதங்களில், அவனுக்குப் பதினேழு வயது நடக்கும்போது. துண்டில் பாதி இன்னும் உள்ளேதான் கிடக்கிறது. மாரி காலத்தில் குடையும்.

ஊரே பொய் சொல்கிறதா என்று முகம் சுளிக்க வேண்டாம். அங்கே வீட்டுக்கு ஒரு பொய் உண்டு. ஒருத்தர் பனையால் விழுந்தவர், ஒருத்திக்குச் சுடுதண்ணி ஊற்றுப்பட்டது, இன்னொருவருக்குக் குழி தோண்டும் அலவாங்கு காலில் ஏறிவிட்டது. சீருடையோடு வந்து கேட்டாலும் சரி, சீருடை இல்லாமல் மோட்டார் சைக்கிளில் வந்து சிரித்துச் சிரித்துக் கேட்டாலும் சரி, செல் என்ற சொல் வாயிலிருந்து வரக்கூடாது. செல் என்றால் எங்கே நின்றாய் என்பார்கள். அதைச் சொன்னால் யாரோடு நின்றாய் என்பார்கள். பிறகு அந்தக் கதைக்கு முடிவே இல்லை.

மாட்டைக் கண்டுபிடித்தது அவனுடைய தாய் வீரம்மா. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வன்னிக்கு வந்த சனத்தில் ஒருத்தி. இத்தனை காலம் ஆகியும் தோட்டத்துப் பேச்சு மாறாதவள். சண்டை முடிந்து சனம் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் அடைந்து கிடந்தபோது, காயத்தோடும் காய்ச்சலோடும் கிடந்த இளைய மகனின் காதில், "மாடு முட்டிருச்சுன்னு சொல்லு சாமி" என்று ஓதினாள். அதே நாளில், அதற்குச் சற்று முன்னர்தான் மூத்தவன் பிரதீபன் போயிருந்தான். இயக்கம் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போக, இரண்டு கிழமையில் ஓடி வந்தவன் அவன். இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விடுவோம் என்று ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பிரதீபன் எழும்பிப் போய்ப் பதிந்தான். பஸ்ஸில் ஏற்றினார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனைத் தேடி வீரம்மா ஏறாத அலுவலகம் இல்லை, பிடிக்காத பதாகை இல்லை. அண்ணன் ஏன்தான் எழும்பிப் போனானோ, விசரன், என்று ஜனார்த்தனன் பல தடவை நினைத்து ஆத்திரப்பட்டிருக்கிறான்.

சரி, இப்போதைய கதைக்கு வருவோம். ஜனார்த்தனன் நல்ல மேசன். தரைக்கு மாபிள் பதிப்பதில் கை தேர்ந்தவன். ஆனால் சீமெந்து விலை ஏறின நாளிலிருந்து வன்னியில் வீடு கட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அவனுடைய சொந்த வீடே வீட்டுத்திட்டத்தில் தொடங்கி, சுவரோடு நின்று, தறப்பாளை மேலே போட்டுக்கொண்டு கிடக்கிறது. மனைவி சுதர்சினி வாய்விட்டுக் குறை சொல்கிறவள் அல்ல. ஆனால் மழை பெய்யும்போது சட்டிகளை எடுத்து ஒழுக்குக்கு வைக்கும் சத்தமே அவனுக்குப் போதும். அவள் ஒரு சட்டியையும் மெல்ல வைப்பதில்லை.

அப்போதுதான் மாலைதீவு வந்தது. ஒரு தீவில் புதிதாக ஹோட்டல் கட்டுகிறார்களாம், மாபிள் வேலைக்கு ஆள் வேண்டுமாம். வவுனியாவில் ஏஜென்சி வைத்திருந்த கதிர்காமநாதன் சொன்னார். "பக்கத்து நாடு தம்பி. கொழும்பில ஏறினா ஒண்டரை மணித்தியாலத்தில இறங்கிடுவீர். நீர் பரந்தனிலயிருந்து கொழும்புக்குப் போறதுதான் பெரிய பயணம்." அதைச் சொல்லி அவரே சிரித்தார்.

பக்கத்து நாட்டுக்குப் போவது எவ்வளவு தூரம் என்பது போக வெளிக்கிட்டவனுக்குத்தான் தெரியும். பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் போய்விட்டது. புதுப் பிரதி எடுத்தால் தகப்பன் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. அதைத் திருத்தி, வவுனியாவில் பாஸ்போட்டுக்கு வரிசையில் கால் கடுக்க நின்று, பொலிஸ் அறிக்கைக்குக் காத்திருந்து, ஏஜென்சிக்காரர் கண்முன்னால் ஒரு சதுரம் மாபிள் பதித்தும் காட்டினான். எல்லாம் ஒழுங்கு. மிச்சம் கொழும்பில் மெடிக்கல் மட்டும்.

அதே ஹோட்டலுக்குப் பைப் வேலைக்குப் போக இருந்தவன் வின்சன். முல்லைத்தீவுக் கடற்கரைக்காரன், வேதக்கார ஆள், ஜனார்த்தனனோடு பல வீடுகளில் ஒன்றாக வேலை செய்தவன். அவனுக்கும் நெஞ்சு எலும்போடு ஒட்டினாற்போல ஒரு துண்டு இருந்தது. இருவரும் ஒன்றாகத்தான் கொழும்புக்குப் போனார்கள்.

அங்கே எக்ஸ்றே எடுத்தார்கள். வின்சனை முதலில் கூப்பிட்டார்கள். கதவு திறந்தே இருந்தபடியால் ஜனார்த்தனனுக்கு எல்லாம் கேட்டது. டொக்டர் சிங்களவர், வயதானவர். தமிழ் தெரிந்த ஒரு தாதி மொழிபெயர்த்தாள். "இதென்ன வெள்ளையாத் தெரியுது எண்டு டொக்டர் கேக்கிறார்" என்றாள். வின்சனுக்கு வாய்க்கும் மனதுக்கும் நடுவில் கதவு கிடையாது. "செல் துண்டு மிஸ். சண்டைக்க பட்டது. வலியொண்டும் இல்லை, நான் மூட்டை தூக்குறனான்" என்றான். டொக்டர் தலையை ஆட்டினார், எழுதினார், கையெழுத்து வைத்தார். முடிந்தது. வின்சன் பெருவிரலைக் காட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

இதைக் கண்ணால் கண்டவன்தான் ஜனார்த்தனன். உள்ளே போகும்போது, நானும் செல் என்றே சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டுதான் போனான். சத்தியமாக நினைத்தான். டொக்டர் படத்தில் விரலை வைத்தார். தாதி கேட்டாள். இவன் வாயைத் திறந்தான்.

"மாடு குத்தினது."

தாதி அவனை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தாள். டொக்டர் சிரித்துவிட்டார். இரும்புக் கொம்பு வைத்த மாடா என்று கேட்டார். சிரிப்பில் கெடுதல் இல்லை. பயப்படாமல் சொல்லும்படிதான் தாதியும் சொன்னாள். ஆனால் அவனுக்குச் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழின் தலைப்பில் இருந்த சிங்கம், மேசையில் இருந்த றப்பர் முத்திரை, எல்லாம் ஓமந்தையாகத் தெரிந்தது. "ஓம் மிஸ், மாடுதான். செவலை மாடு. வலது கொம்பு வளைஞ்சது" என்றான். அட பாவி! கொம்பு வரைக்கும் போய்விட்டான்.

டொக்டர் சிரிப்பை விட்டுவிட்டார். உள்ளே இரும்பு கிடக்கிறது, நீ மாடு என்கிறாய், நான் என்னத்தை எழுதுவது என்று கேட்டார். அந்தத் துண்டு எதனால் வந்தது, எப்போது வந்தது, வேலைக்கு இடைஞ்சலா இல்லையா என்று உங்கள் ஊர்ச் சத்திரசிகிச்சை டொக்டரிடம் எழுதி வாங்கி வா, அதுவரை கையெழுத்து வைக்கமாட்டேன் என்று படத்தை உறையில் போட்டுக் கொடுத்தார்.

"உனக்கென்னடா விசரா?" வெளியே வின்சன் தலையில் கை வைத்தான். "அந்தாள் உன்னைப் பிடிச்சுக் குடுக்கிறதுக்கோ கேட்டது?"

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சே சொன்னனீ?"

"வாய் சொல்லிப் போட்டுதடா."

கதிர்காமநாதன் ரெலிபோனில் கத்தினார். வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போகும், அவர்கள் ஒருத்தருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள் என்றார். மாவட்ட ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கிளினிக் புதன்கிழமை மட்டும். ஆக, ஒரே ஒரு புதன்தான் கையில் இருந்தது.

சுதர்சினி விசயத்தைக் கேட்டுவிட்டு, எக்ஸ்றே உறையை வாங்கி ஒழுக்கு விழாத மூலையில் வைத்தாள். பிறகு, "உண்மையைச் சொல்லுங்கோ. அதுக்கு மேல ஒண்டும் வேண்டாம். உண்மையைச் சொன்னாப் போதும்" என்றாள்.

புதன் காலையில் அவன் வெளிக்கிட, வீரம்மா சேலையை மாற்றிக்கொண்டு படலையில் நின்றாள். ஆஸ்பத்திரி என்றால் அவள் அவனைத் தனியே விடுவதில்லை. காய்ச்சலுக்குப் போனாலும் கூடவே வருவாள். முப்பத்திரண்டு வயது ஆம்பிளைக்கு வெட்கமாக இருக்காதா? இருந்தது. ஆனால் மறித்தால் ஒற்றைக் காலில் நிற்பாள் என்று தெரிந்து விட்டுவிட்டான். சும்மா செக்கப் என்று மட்டும் சொன்னான். பஸ்ஸில் வழி நெடுக, செல் துண்டு டொக்டர், செல் துண்டு டொக்டர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனான்.

கிளினிக்கில் இருந்தவர் இளம் டொக்டர், தமிழர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கேட்க முன்னமே அவருக்கு விளங்கியிருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை பார்க்கிறார்!

"எப்ப பட்டது அண்ணை?"

"ரெண்டாயிரத்து ஒன்பதில டொக்டர்." பஸ்ஸில் ஓதிக்கொண்டு வந்தது வாயில் வந்தது. "செல் துண்டு."

அப்பாடா! சொல்லிவிட்டான். கூரை இடிந்து விழவில்லை. டொக்டர் பேனையை எடுத்தார்.

"இல்லீங்க ஐயா!" பின்னாலிருந்து வீரம்மா பாய்ந்து வந்து மேசையைப் பிடித்தாள். "அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. மாடு முட்டினதுங்க. எழுதிராதீங்க ஐயா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அம்மா, சும்மா இருங்கோ!" அவனுக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. வெளியே கூட்டிப் போகப் பார்த்தான். அவள் மேசைக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். டொக்டர் எழும்பி வந்து, பயப்படாதையுங்கோ அம்மா, இது அவருடைய நன்மைக்குத்தான், உண்மையைச் சொன்னால் ஒரு பிரச்சினையும் வராது என்றார்.

அந்த வார்த்தைதான் அவளை உடைத்தது.

"அப்பிடித்தான் அன்னிக்கும் சொன்னாங்கய்யா. நான் நம்பிட்டேன். மூத்தவன் போகமாட்டேன்னு என் மடியில மூஞ்சிய வச்சிக்கிட்டு அழுதான். நான்தான் சொன்னேன். போய் உண்மைய சொல்லு சாமி, விட்டுருவாங்கன்னு கையப் புடிச்சி எழுப்பி அனுப்பினேன். நான்தாங்க அனுப்பினேன். இவனையும் அனுப்பச் சொல்றீங்களா?"

 ஜனார்த்தனன் அப்படியே நின்றான். பதினைந்து வருடம் ஒரே குசினியில் சோறு தின்றவன், இதை இன்றைக்குத்தான் கேட்கிறான். அண்ணன் தானாக எழும்பிப் போகவில்லை. இவள் எழுப்பி விட்டிருக்கிறாள். ஐயோ அம்மா! இவ்வளவு காலமும் இதை எங்கேதான் வைத்திருந்தாள்? அவள்மேல் கோபம் வந்தது, மிகவும் கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் வந்தது.

டொக்டர் அவனைப் பார்த்தார். "நீங்கள் சொல்லுங்கோ அண்ணை. நீங்கள் என்ன சொல்லுறீங்களோ அதைத்தான் எழுதுவன்."

ஜனார்த்தனன் குனிந்து தாயின் கையை மேசைக் காலிலிருந்து மெல்ல விடுவித்தான். 

"மாடுதான் டொக்டர்" என்றான். "ஒண்டும் எழுதவேண்டாம்."

டொக்டர் அதற்குமேல் கேட்கவில்லை. படத்தை உறையில் போட்டுக் கொடுத்தார்.

அன்றைக்கு மழை இல்லாமலே சுதர்சினி சட்டிகளைச் சத்தம் கேட்க வைத்தாள். அடுத்த நாளும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை போனது. அவனுடைய இடத்துக்கு யாரோ ஒரு பளை ஊர்ப் பெடியனைப் போட்டுவிட்டதாகக் கதிர்காமநாதன் சொன்னார்.

அதற்கு அடுத்த கிழமை வின்சன் மாலைதீவிலிருந்து போன் எடுத்தான். கடல் நீலம், சாப்பாடு பரவாயில்லை, வேலை கடுமை என்றெல்லாம் சொன்னான். ஜனார்த்தனன் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்றைத்தான்.

"எயார்போட்டில என்னவாம்?"

"என்னவாம் எண்டா? பாஸ்போட்டைப் பார்த்தாங்கள், முத்திரை குத்தினாங்கள், போ எண்டாங்கள். ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையடா."

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். வீரம்மா அரிசிச் சுளகோடு பக்கத்தில் நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

"அந்தப் புள்ளைய விட்டுட்டாங்களா?" என்று கேட்டாள். "ஒண்ணும் கேக்கலையா?"

அடுப்படியில் நின்ற சுதர்சினியும் திரும்பிப் பார்த்தாள். ஜனார்த்தனன் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கேட்டவங்களாம் அம்மா" என்றான். "தனி அறையில வைச்சு, செல் எப்பிடிப் பட்டது, எங்க நிண்டனீ எண்டு துருவித் துருவிக் கேட்டவங்களாம். விடியப் போனவனைப் பின்னேரம்தான் விட்டவங்களாம். நல்ல காலம் நான் போகேல்லை. நீங்கள் சொன்னது சரி."

"நான் சொன்னேன்ல?" என்றாள் வீரம்மா. சுளகைக் கீழே வைத்துவிட்டு அவன் தலையைத் தடவினாள். "நான் சொன்னேன்ல சாமி?"

அன்றைக்கு அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.