பித்தளைக் குழாய் கேட்ட கேள்வி

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். சுவர் நிறையப் புத்தகம் வைத்திருப்பவன், எதையும் கடைசிப் பக்கம்வரை படிக்காமல் பேசுகிறவர்களைக் கண்டால் முகம் சுளிப்பவன், நாலே பக்கமுள்ள ஒரு விளம்பரத் தாளில் முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு ஒரு படகைப் பதிவு செய்தேன். அந்தப் படகில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். பேய், பிசாசு விஷயத்தில் நான் எப்போதும் சிரிக்கிற கட்சி. ஜேர்மனியில் முப்பது வருடமாக என்னைப் பயமுறுத்தியவை எல்லாம் மஞ்சள் உறையில் வந்த அரசாங்கக் கடிதங்கள்தான். அந்தக் காலை பத்து மணிக்கும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். பதினொன்றரைக்கு இருக்கவில்லை.

டோர்ட்முண்டில் எங்கள் பக்கத்துத் தெருவில் இருந்த கனகண்ணை போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். சாம்பலைக் கடலில்தான் விடவேண்டும் என்றார் அவருடைய மனைவி தவமணி அக்கா. இங்கே நினைத்தபடி கடலில் கொட்ட ஏலாது. அதற்கென்று அனுமதி பெற்ற படகு, நீரில் கரையும் சாடி, எல்லாவற்றுக்கும் ஒரு படிவம். அந்த அலைச்சலை நான் ஏற்றுக்கொண்டேன். கீல் நகரத்துக்கு அருகே ஒரு சிறு துறைமுகத்தில் ஒரு படகு கிடைத்தது. விளம்பரத் தாளின் முதல் பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்து மயங்கிவிட்டேன். வெள்ளை உடம்பு, தேக்கு மரத் தளம், பழைய கோப்பி வியாபாரி ஒருவன் தன் மனைவிக்காகக் கட்டிய உல்லாசப் படகு, உள்ளே ஒரு காலத்தில் பியானோகூட இருந்ததாம். வாழ்நாள் முழுதும் தொழிற்சாலையில் இரவு முறை வேலை செய்த மனிதர், ஒருநாளாவது கோடீஸ்வரன் மாதிரிப் போகட்டும் என்று உடனே கையெழுத்துப் போட்டேன்.

புறப்படுவதற்கு முதல் நாள்தான் தாளைத் திருப்பினேன். இரண்டாம் பக்கத்தில் மிச்சச் சரித்திரம் இருந்தது. உலக யுத்தம் வந்ததும் ஜேர்மன் கடற்படை அந்தப் படகை எடுத்துக்கொண்டது. பியானோவை இறக்கினார்கள், சாம்பல் நிறம் பூசினார்கள், முன்தளத்தில் ஒரு துப்பாக்கியைப் பூட்டினார்கள். யுத்தம் முடியும்வரை துறைமுக வாயிலில் நின்று, போகிற வருகிற சின்னப் படகுகளை எல்லாம் மறித்து, ஆட்களை எண்ணி விடுவதுதான் அதன் வேலை.

இதில் என்ன பிரச்சினை என்று கேட்பீர்கள். கனகண்ணை இளம் வயதில் ஊர் யுத்தத்திலிருந்து இராமேஸ்வரத்துக்குப் படகில் தப்பிப் போனவர். வழியில் சிங்களக் கடற்படைக் கப்பல் மறித்தது. படகில் இளம் பெடியன் அவர் ஒருவர்தான், மற்றவர்கள் பெண்களும் வயதானவர்களும். ஓட்டி அவரை வலைக்கு அடியில் தள்ளிவிட்டு, எத்தனை பேர் என்று மேலேயிருந்து கேட்டபோது ஐந்து பேர் என்றான். ஆறாவது ஆள் மீன் நாற்றத்துக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார். தப்பிவிட்டார், ஆனால் தப்பியது உடம்புதான் என்று நினைக்கிறேன். பிறந்தநாள் விருந்துகளில் இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு சொல்லுவார், "அண்டைக்கு நான் எண்ணிக்கையிலை இல்லையடா. இண்டைக்கும் இல்லையோ எண்டு யோசிக்கிறனான்." அதோடு ஒன்று சேர்த்துக்கொள்வார், "செத்தாப் பிறகும் நேவிக்காரன்ரை கப்பல் பக்கம் என்னைக் கொண்டு போகாதேயுங்கோ."

நான் கொண்டுபோகிறேன். அக்காவுக்குத் தெரிந்தால் அந்தப் படகில் கால் வைக்கமாட்டார், அடுத்த அனுமதிக்கு இரண்டு மாதம் ஆகும், வேலைக்கு விடுப்பு எடுத்து வந்த மகள் ஷர்மியும் திரும்பிப் போய்விடுவாள். ஆகவே சொல்லவில்லை. விளம்பரத் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

படகில் ஐந்து பேர். அக்கா, ஷர்மி, என் மனைவி, நான், படகோட்டி யென்ஸ். ஐயர் செய்யவேண்டியதை எல்லாம் கரையிலேயே செய்து முடித்து, கடல் ஒத்துக்கொள்ளாது என்று நின்றுவிட்டார். கடலில் நல்ல பனிமூட்டம். உள்ளறைக்குள் நுழைந்ததும் கண்டேன். சுவரில், சட்டம் போட்டு, சாம்பல் நிறத்தில் அதே படகு, துப்பாக்கியோடும் வரிசையாக நிற்கும் மாலுமிகளோடும். நான் போய் அந்தப் படத்தின்மேல் முதுகை வைத்து நின்றுகொண்டேன்.

ஒரு மணித்தியாலம் அப்படியே நின்றேன். படகு ஆடுகிறது, நான் பல்லி மாதிரி.

"இஞ்சருங்கோ, வந்து இருங்கோவன்," என்றாள் என் மனைவி.

"மரியாதைக்கு நிக்கிறன்."

"அந்த மனுசன் இருக்கேக்கை ஒருநாளும் எழும்பி நிக்காத ஆள் நீங்கள்," என்று சொல்லிவிட்டு அவள் மேல்தளத்துக்குப் போய்விட்டாள்.

குறித்த இடத்தில் யென்ஸ் இயந்திரத்தை நிறுத்தினார். மேலே பூக்களும் கயிறும் ஆயத்தம். ஆனால் அக்கா எழும்பவில்லை. சாடியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார். ஷர்மி வந்து "அம்மா, குடுங்கோ" என்றாள். அக்கா தலையை ஆட்டினார். யென்ஸ் வந்து, அவசரமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கால் மணித்தியாலம் போனது. "நான் விடமாட்டன் தம்பி, ஏலாமக் கிடக்கு," என்றார் அக்கா என்னிடம். ஊருக்கு உபதேசம் எழுதுகிற என் கை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது.

என் காதுக்குப் பக்கத்தில், படத்தை ஒட்டி ஒரு பித்தளைக் குழாய் இருந்தது. பழைய கப்பல்களில் மேலிருந்து கீழே ஆட்களோடு பேசுகிற குழாய், வாயில் சின்னப் புனல் மாதிரி. நம்பினால் நம்புங்கள், அந்தக் குழாயிலிருந்து ஒரு குரல் கேட்டது. சத்தமாக அல்ல, களைத்துப்போன ஒரு மனிதன், அன்று நூறாவது தடவையாகக் கேட்பதைப்போல, அலுப்போடு, நல்ல ஜேர்மன் மொழியில் கேட்டான். எத்தனை பேர்?

என் முதுகு படத்தோடு ஒட்டிக்கொண்டது. யென்ஸ் மேலேயிருந்து பேசுகிறார் என்று நினைக்கத்தான் பார்த்தேன், ஆனால் கண்ணாடிக்கு வெளியே அவர் ஷர்மியோடு நின்று பூச்சரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார், வாய் அசையவில்லை.

அக்கா தலையை நிமிர்த்திக் குழாயைப் பார்த்தார். பயந்த மாதிரித் தெரியவில்லை. கடையில் கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

"ஆறு பேர்."

குழாயில் மூச்சு விடுவது போல ஒன்று கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. அக்கா சாடியைத் தூக்கிக்கொண்டு எழும்பினார், படியேறிப் போய், யென்ஸின் கையில் தானே கொடுத்தார். மணி அடித்தார்கள், சாடி இறங்கியது, படகு அந்த இடத்தை ஒருமுறை சுற்றி வந்தது.

திரும்பும்போது அக்கா என்னைப் பார்த்து, "நிண்டது காணும் தம்பி, இருங்கோ," என்றார். "நீங்கள் அந்த ஒரு படத்தை மறைச்சுக்கொண்டு நிக்கிறியள். டொய்லெட்டுக்குள்ளை நாலு தொங்குது."

நான் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன். எனக்கு ஒரே ஒரு விஷயம் உறுதியாக வேண்டியிருந்தது, எனக்கு மட்டும் கேட்டதா என்று.

"உங்களுக்கும் கேட்டதோ அக்கா?"

"ஓம். அவன் கேட்டான், நான் சொன்னன். இந்த முறை அவரை ஒளிக்கேல்லை."

"நல்ல ஜேர்மன்," என்றேன், ஏதாவது சொல்லவேண்டுமே என்று.

அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ஜேர்மனோ? அவன் சிங்களத்திலை அல்லோ கேட்டவன்."

கரைக்கு வந்ததும் யென்ஸிடம் அந்தக் குழாயைப் பற்றிக் கேட்டேன். அவர் கீழே கூட்டிப்போய்க் காட்டினார். தளத்துக்கு அடியில் ஒரு முழம் தள்ளி அதை அறுத்து, மரக்கட்டையால் அடைத்திருந்தார்கள். அவருடைய அப்பா படகை வாங்குவதற்கு முன்பே அப்படித்தானாம். அது எங்கேயும் போகவில்லை.

அன்றிலிருந்து எந்த உணவகத்துக்குப் போனாலும், வாசலில் நிற்கும் பெண் புன்னகையோடு எத்தனை பேர் என்று கேட்டால், நான் பதில் சொல்லமுன் எனக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். என் மனைவி இதை ஒரு வியாதி என்கிறாள்.

இந்தக் கதையை முழுவதுமாக நான் சொன்னது ஷர்மிக்கு மட்டும்தான். அவள் மருத்துவமனையில் தாதியாக இருப்பவள். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள், கண்கூடக் கலங்கிய மாதிரி எனக்குப் பட்டது. பிறகு சொன்னாள்:

"மாமா, நீங்களும் அம்மாவும் அண்டைக்குக் காலமை ஒண்டும் சாப்பிடேல்லை. சுகர் இறங்கியிருக்கும்."