அம்மா முகம் பார்க்கப் போன நடை

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். மலையைக் கண்டால் நின்றுவிடுவார். நானோ ஓரிடத்தில் நிற்கத் தெரியாதவள். இப்படி இரண்டு பேர் சேர்ந்து பொங்கல் லீவில் ஊர் ஊராக நடந்துபோனால் எப்படி இருக்கும்? பழங்காநத்தம் தாண்டுவதற்குள்ளேயே சண்டை வந்துவிட்டது.

நடந்து போவது அவருடைய யோசனை. அந்த நாளில் பட்டணத்திலும் கல்கத்தாவிலும் பேர் எடுத்திருந்த சித்திரக்காரர் ஒருவர், வாலிபத்தில் வைகைக் கரை ஊர்களில் சில மாதம் தங்கி, வயலும் மலையுமாக எழுதித் தள்ளியிருந்தார். அந்தப் படங்கள் பிற்பாடு தீபாவளி மலர்களில் வந்தன. இவர் அவற்றை வெட்டி அட்டையில் ஒட்டி வைத்திருந்தார். எந்தப் படத்தை எந்த வரப்பில் உட்கார்ந்து எழுதினார் என்று நடந்தே கண்டுபிடிக்க வேண்டுமாம். வழி சொல்ல ஆள் வேண்டாம், நாகமலையின் சாய்வைப் படத்தோடு ஒத்துப் பார்த்தால் போதும் என்றார்.

நான் கூடக் கிளம்பியதற்குக் காரணம் வேறு. எனக்கு இரண்டு வயது நிறைவதற்குள் அம்மா போய்விட்டாள். அவள் முகம் எனக்குத் தெரியாது. ஒரு போட்டோ கிடையாது. அப்பா இருந்த வரைக்கும் அவள் ஊர்ப் பேச்சை வீட்டில் எடுக்கக் கூடாது. மூக்கு யாரைப் போல என்று கேட்டால்கூட எழுந்து வெளியே போய்விடுவார். அப்பா காலமான மறுவருஷம், பெரியப்பா வீட்டுப் பெரியம்மாவுக்கும் எனக்கும் ஏதோ வாய்ச்சண்டை. என்னைச் சுடுவதற்காகவே அவள் சொன்னாள்: “உங்காத்தாள ஒருத்தன் படம் எழுதுனானே, அதுலதான் அவ ஆயுசே போச்சு. அவன் எழுதுன பலகைய இன்னும் உங்க மாமன் வீட்டுல மாட்டி வச்சிருக்காக.”

படம் எழுதினால் ஆயுசு குறையும் என்று அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள். அப்பாவும் நம்பியிருக்கிறார். படம் எழுதி வருஷம் திரும்புவதற்குள் அம்மா காய்ச்சலில் போக, எழுத விட்ட மாமாவோடு உறவே வேண்டாம் என்று என்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாராம். பெரியம்மா என்னைச் சுடுவதாக நினைத்தாள். எனக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. எழுதியவர் யார் என்று விசாரித்தால், என் வீட்டுக்காரர் அட்டையில் ஒட்டி வைத்துக் கும்பிடுகிற அதே ஆள்! அவரிடம் சொன்னேன். “அப்படியா, அந்த ஊரையும் வழியில சேத்துக்கிருவம்” என்றார். வழியிலாம். எனக்கு அந்த ஒரு ஊர்தான் ஊர்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் விடிந்ததும் புறப்பட்டோம். திண்டுக்கல் ரோட்டில் பழனிக்குப் போகிற பாதயாத்திரைக் கூட்டம். எங்களையும் அதில் சேர்த்துவிட்டார்கள். பெண்டாட்டியும் புருஷனும் தோளில் பையோடு, வண்டி வாசி இல்லாமல் நடந்தால் வேறென்ன நினைப்பார்கள்? காவடி எங்கே என்று ஒருத்தி கேட்டாள். நாங்கள் பழனிக்குப் போகவில்லை, மலையைப் பார்க்கத்தான் நடக்கிறோம் என்று இவர் விளக்கமாகச் சொன்னார். மோர்ப்பானை வைத்திருந்த பெரியவர் ஒருவர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். “மலையப் பாக்க எதுக்குத் தம்பி நடக்கணும்? அது இங்கனதான கெடக்கு” என்றார். நான் சிரித்த சிரிப்பில் இவர் அரை மைல் தூரம் என்னோடு பேசவில்லை. அதற்கப்புறம் யார் கேட்டாலும் பழனிக்கு என்றே சொல்லி, கொடுத்த மோரையும் பானகத்தையும் கூச்சமில்லாமல் குடித்தேன்.

பரவையில் சந்தைக்கு வந்த வண்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு இவர் அட்டையை நீட்டிப் பிடித்தார். ஒரு கண்ணை மூடினார். நாலு எட்டு பின்னால் போனார், மாட்டின் மேல் முட்டிக்கொண்டார், திரும்ப முன்னால் வந்தார். மலையின் முதுகு சரியாக இருக்கிறது, கழுத்து பொருந்தவில்லையாம். கழுத்து பொருந்துகிற இடத்தைத் தேடி ஆற்றை நோக்கி இறங்கினோம். கரும்புக் கொல்லைக்குள் புகுந்தோம். வாய்க்காலைத் தாண்டும்போது என் செருப்பு அறுந்தது. அவருக்கோ குஷி தாளவில்லை. இங்கே உட்கார்ந்துதான் எழுதியிருக்கிறார், அந்தப் பனை இரண்டும் இன்னும் நிற்கிறது பார் என்று சின்னப்பிள்ளை மாதிரி கத்தினார். பார்த்தேன். பனைதான். நல்ல பனைதான். அதற்கென்ன இப்போது என்று எனக்கு எரிச்சல் மண்டியது. அவர் உட்கார்ந்து அந்தப் பனையைத் தானும் ஒரு தாளில் எழுதத் தொடங்கினார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வரப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். அறுப்பு அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, ஏதாவது தொலைத்துவிட்டாயா தாயி என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

அன்று ராத்திரி ஒரு சத்திரத்தில் தங்கினோம். மறுநாள் காலையில் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், இனிமேல் எந்தப் பனைக்கும் எந்த மலைக்கும் நிற்க மாட்டேன், நிற்பதானால் நீங்கள் நில்லுங்கள், நான் போகிறேன் என்று. சொன்னபடியே நடந்தேன். அவர் அட்டையும் கையுமாகப் பின்னால் ஓடி வந்தார். ஊர் நெருங்க நெருங்க என் வேகம் கூடியது. அவள் அழகாக இருப்பாளா? என்னைப் போல நெற்றி மேடாக இருக்குமா? கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் இதில் எது அவளுடையது என்று தேடியே எனக்கு இத்தனை வயசாகிவிட்டது. இன்றைக்குத் தெரிந்துவிடும்.

சோழவந்தானுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் அந்த ஊர். மாமா களத்துக்குப் போயிருந்தார். மாமாவின் பெண்சாதி, எனக்கு அத்தை முறை, வாசலில் சுளகும் கையுமாக நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். இன்னார் மகள் என்று நான் சொன்னதும் சுளகைக் கீழே வைத்தாள். என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். அத்தனை விரலிலும் சொடக்கு விழுந்தது. உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். நான் குடிக்கவில்லை. படம் எங்கே என்றுதான் கேட்டேன்.

“காலக் கழுவிட்டு வா தாயி. சாமி வீட்டுல இருக்கு.”

சாமி வீடு என்பது ஒரு சின்ன இருட்டு அறை. அகல் விளக்கு எரிந்தது. சுவரில் அந்தப் பலகை, செவந்திப் பூ சூட்டி. பின்னால் நாகமலை. அறுத்துக் கிடக்கிற வயல். வரப்பில் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள். அவள் தோளைப் பார்த்தேன், கழுத்தில் பாசிமணியைப் பார்த்தேன். அதற்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் கெட்டியாக மஞ்சள். நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம்.

அத்தை என் பக்கத்தில் நின்று பெருமையாகச் சொன்னாள். தாலியோடு போன மகராசி, அவள் இந்த வீட்டுத் தெய்வம். ஒரு வெள்ளிக்கிழமை தவறியது கிடையாதாம். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து, மஞ்சள் பூசி, பொட்டு வைப்பதைத் தன் கையால்தான் செய்வாளாம், மருமகளைக்கூட விடுவதில்லையாம். முதலில் முகம் தெரிந்துகொண்டுதான் இருந்ததாம், வரவரச் சாயம் மங்கிப்போனதாம். “அதுனால என்ன தாயி. மஞ்சப் பூசுன மொகம், எம்புட்டு தெளிச்சியா இருக்கா பாரு” என்றாள்.

அடிப் பாவி, துடைத்துத் துடைத்தே அழித்துவிட்டாயே என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து விழுங்கினேன். என் வீட்டுக்காரர் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பலகையை உற்றுப் பார்த்தார். மெதுவாக, நான் வேண்டுமானால் மேலே வர்ணம் வைத்து முகத்தை எழுதிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். “நீங்க அவளப் பாத்திருக்கீங்களா?” என்றேன். அவர் விளக்கைக் கீழே இறக்கினார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கொல்லைக்குப் போனேன், கிணற்றைச் சுற்றினேன், மாட்டுக் கொட்டகை வரை போய்த் திரும்பினேன். இதற்காகவா இத்தனை தூரம் வந்தேன் என்று அழுகையாக வந்தது. அப்போதுதான் உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார்.

“இந்தா, இங்க வந்து பாரு. இடுப்புல.”

அம்மாவின் இடுப்பில் ஒரு பிள்ளை இருந்தது. மஞ்சளைப் பார்த்த வேகத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. எழுதிய அன்றைக்கு இருந்த மாதிரியே பளிச்சென்று இருந்தது. ஒரு பொட்டுக் குங்குமம் இல்லை, ஈரம் பட்ட தடம்கூட இல்லை. இதை மட்டும் ஏன் விட்டுவிட்டாய் அத்தை என்று கேட்டேன்.

“அது நீதான தாயி. செத்தவுகளுக்குத்தான பொட்டு வச்சுப் பூப் போடுறது? நீ எங்கயோ உசுரோட இருக்க. இருக்குற பிள்ளைக்குப் போடலாமா? துணிகூட அந்தப் பக்கம் படாமத்தான் தொடைப்பேன்.”

இத்தனை வருஷமாக, என்னைப் பார்க்காமலே, வெள்ளிக்கு வெள்ளி ஒருத்தி நான் உயிரோடு இருப்பதை நினைத்திருக்கிறாள். அந்த வார்த்தையில் என் கோபமெல்லாம் கரைந்துபோயிற்று. கிட்டே போய்ப் பிள்ளையைப் பார்த்தேன். அது எங்களைப் பார்க்கவில்லை. கழுத்தை அண்ணாந்து, வாயைத் திறந்துகொண்டு, மஞ்சளாக இருக்கிற அந்த இடத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அது பார்க்கிற முகம் அதற்கு முழுசாகத் தெரிகிறது. அந்தப் பிள்ளைமேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. இரண்டு பேர் பக்கத்தில் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அதனிடம் கேட்டேன்.

“சொல்லுடி, எப்படி இருக்கா நம்ம ஆத்தா?”