வெள்ளிக்கிழமை பார்த்த வீடு

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஆபீசுக்கு முப்பத்தைந்து நிமிடம் லேட்.

துபாயில் வார லீவு வெள்ளிக்கிழமைதான். லேட்டாவதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். செய்திதான். பதினோரு வருட துபாய் வாழ்க்கையில் நான் ஒருநாள் கூட லேட்டாகப் போனதில்லை. அதற்காக என்னைப் பெரிய ஒழுக்கசீலன் என்று நினைத்துவிட வேண்டாம். தெய்ராவில் ஒரு பழைய கட்டடத்தில் ஐந்தாவது மாடியில் குடியிருக்கிறேன். ஆபீஸ் அடுத்த தெரு. மெதுவாக நடந்தாலே எட்டு நிமிடம். லேட்டாகப் போக வேண்டுமென்றால் அதற்கு நான் தனியாக உழைக்க வேண்டும்.

மேனேஜர் பாலக்காட்டுக்காரர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகக் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என்னாச்சு என்றார். டிராஃபிக் என்றேன்.

ஆபீசே சிரித்தது. சிரிக்க மாட்டார்களா பின்னே? ஷார்ஜாவிலிருந்தும் அஜ்மானிலிருந்தும் வியர்த்து விறுவிறுத்து ஓடி வருபவர்களைப் பார்த்து, இவர்களுக்குத் தினமும் இதே சாக்கு என்று வாய்க்குள் முனகிக்கொண்டிருந்த ஆள் நான்!

வினை ஒரு மாதம் முன்பு ஒரு வெள்ளைத் தாளில் வந்தது. கட்டடத்தின் காவலாளி – இங்கே நாத்தூர் என்போம் – கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். இதே இடத்தில் இருபது மாடி டவர் வருகிறதாம். மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும்.

சரி, வேறு வீடு பார்ப்போம் என்று கிளம்பினேன். துபாயில் இப்போது வாடகை விற்கிற விலையில், நான் ஒரு வருடத்துக்குக் கொடுப்பது புது வீட்டில் ஆறு மாதத்துக்குக் கூடக் காணாது. இரண்டு வாரம் அலைந்தேன். பார்த்த ஒவ்வொரு வீடும் முந்தையதைவிடச் சின்னதாக இருந்தது, வாடகை மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது.

இந்த மாதிரி சமயத்தில் நம் ஆட்கள் செய்வது ஒன்றுதான்... குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிடுவது. மனைவி மக்களை விமானம் ஏற்றிவிட்டு, நாலு பேரோடு ஒரு ரூமில் ஒரு கட்டில் பிடித்துக்கொள்வது. அன்றிலிருந்து அவர் பெயர் ‘பேச்சுலர்’. தாலி கட்டி, பிள்ளை பெற்று, பிள்ளைக்குக் காது குத்தின பிறகும் பேச்சுலர்! உலகத்தில் வேறெங்கும் இப்படி ஒரு வசதி உண்டா?

எங்கள் மாடியிலேயே ஒருவர் அப்படி ஆனார். அவருடைய மகள் ரியாவும் என் மகள் நிலாவும் ஒரே வகுப்பு. போன வருடம் ரியாவும் அம்மாவும் திருச்சிக்குப் போய்விட்டார்கள். அவர் தினமும் சாயங்காலம் கீழே கிராசரிக் கடை வாசலில் நின்று காலிங் கார்டைச் சுரண்டி, ரியாவிடம் பேசுவார். அதை ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்து நிலா ஒரு பெயர் வைத்திருக்கிறாள். “ரியாவுக்கு இப்ப போன் அப்பா.” அவளுக்கு அது ஏதோ ஒரு வகை அப்பா. ஐந்து வயதுக்கு அவ்வளவுதான் தெரியும்.

நானும் ஒருநாள் மனைவியிடம் மெல்ல ஆரம்பித்தேன். வேண்டுமானால் ஒரு இரண்டு வருடம் நீயும் பாப்பாவும் பரமக்குடியில்... சுமதி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிலாவின் யூனிஃபார்மை மடித்தாள், பிரித்தாள், திரும்பவும் மடித்தாள். அப்புறம், “அதைக் கடைசியா வச்சுக்குவோம்ங்க” என்றாள்.

நான் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அப்போதுதான் ஜாபர் காக்கா போன் செய்தார். கீழக்கரைக்காரர். அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் துபாய்க்கு வந்த புதிதில் ஒரே ரூமில் மேல் கட்டில் அவர், கீழ்க் கட்டில் நான். இப்போது துபாயிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி ராஸ் அல் கைமாவில் கடை வைத்திருக்கிறார். அவர் கடைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு காலியாக இருக்கிறது, தெய்ராவில் இப்போது கொடுப்பதில் பாதி வாடகைதான், பிள்ளைக்கு அங்கேயே இந்தியன் ஸ்கூல் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார்.

வெள்ளிக்கிழமை கிளம்பினோம். என் கார் வெள்ளிக்கிழமை மட்டும் ஓடும் கார். மற்ற நாட்களில் அது கட்டடத்துக்குக் கீழே தூசியைப் போர்த்திக்கொண்டு நிற்கும். காலை எட்டுக்கு எடுத்தேன். ரோடு துடைத்துவிட்டது போலக் கிடந்தது. ஷார்ஜா போனது தெரியவில்லை, அஜ்மான் போனது தெரியவில்லை. சரியாக ஒரு மணி நேரம். ஒன்பதுக்கு ஜாபர் காக்கா கடை வாசலில் டீ குடிக்கிறேன். ஒரு மணி நேரம்தானே... இதற்கா இத்தனை பேர் இத்தனை வருடமாகப் புலம்பினார்கள்?

வீடு மாளிகை இல்லை. இரண்டு ரூம், ஒரு கிச்சன், தகரம் போட்ட கார் நிறுத்தும் இடம். தூரத்தில் சாம்பல் நிற மலை. சிமெண்ட் ஃபேக்டரிப் புழுதி ஜன்னல் விளிம்பில் மெலிதாகப் படிந்திருந்தது. சுமதி நேராக கிச்சனுக்குப் போய்க் குழாயைத் திறந்து, ஒரு கை தண்ணீர் பிடித்து வாயில் விட்டுப் பார்த்தாள். லேசாக உப்பு, குடிக்க வாங்கிக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னாள்.

ஆனால் வீட்டு முன்னால் காம்பவுண்டுக்குள் ஒரு மண்தரை இருந்தது. நிலா அதை நம்பவே இல்லை. “அப்பா, திஸ் கிரவுண்ட் யாரோடது?” என்றாள். இங்கே வந்தால் நம்முடையது என்றேன். “நான் ரன் பண்ணலாமா?”

லிஃப்டில் பிறந்து காரிடாரில் வளர்ந்த பிள்ளை. கீழ்வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார் என்று நடையைக் கூட அடக்கி நடக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். அதனால்தான் ஓடுவதற்கு அனுமதி கேட்டாள். ஓடு என்றேன். கேட் வரைக்கும் ஓடினாள், திரும்பி வந்தாள், மறுபடி ஓடினாள். முகமெல்லாம் சிவந்து, முடியெல்லாம் ஒட்டிப்போய்... நான் அங்கேயே ஜாபர் காக்காவின் கையைப் பிடித்து, வீட்டை முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

திரும்பி வரும்போது காரில் சுமதி காலியாகக் கிடந்த ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பிடிக்கவில்லையோ என்று பயந்தேன். அது இல்லை.

“வெள்ளிக்கிழமை பார்த்தா எல்லா ரோடும் நல்ல ரோடுதாங்க. டூட்டி நாள்ல ஒரு தடவை போய்ட்டு வந்து பாருங்க. அப்புறமா சரின்னு சொல்லுவோம்.”

எனக்குக் கோபம்தான். நான் கொடுத்த வாக்கு என்னாவது? ஆனால் அவள் சொன்னதில் ஓட்டை எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த வாரம் நிலாவுக்கு விடுமுறை தொடங்கியது. சனிக்கிழமை அரைநாள் டூட்டி முடித்து மூன்று பேரும் ஜாபர் காக்கா வீட்டுக்குப் போனோம். ஞாயிறு காலை அவர்கள் இரண்டு பேரையும் அங்கே விட்டுவிட்டு, ஆறு மணிக்கு நான் மட்டும் வண்டியை எடுத்தேன்.

அரைமணி நேரம் அதே வெள்ளிக்கிழமை ரோடு. பிறகு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. அப்புறம் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சிவப்பு. பக்கத்துக் காரில் ஒருவர் ஸ்டீயரிங் மேல் கண்ணாடியை வைத்து ஷேவ் செய்துகொண்டிருந்தார். இன்னொரு காரில் ஒரு பெண் மடியில் டிபன் டப்பாவை வைத்துச் சாவகாசமாக இட்லி சாப்பிட்டார். கம்பெனி பஸ்ஸில் அத்தனை தலையும் கண்ணாடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் பதற்றமில்லை. இது அவர்கள் தினமும் குடியிருக்கும் இடம். பதறியது நான் ஒருவன்தான். எட்டு முப்பத்தைந்துக்கு ஆபீஸ் போய்ச் சேர்ந்து, மேலே சொன்ன சிரிப்பை வாங்கிக்கொண்டேன்.

திரும்புவது அதைவிட மோசம். ஆறு மணிக்குக் கிளம்பியவன் ஏழுக்கு ஷார்ஜாவைக் கூடத் தாண்டவில்லை. வழியில் இரண்டு தடவை போன் செய்தேன். இரண்டு தடவையும் நிலாதான் எடுத்தாள். இதோ வந்துகொண்டே இருக்கிறேன் என்றேன். போய்ச் சேர்ந்தபோது மணி எட்டே முக்கால்.

நிலா சோபாவில் தூங்கிப்போயிருந்தாள். காலில் ஷூ.

சுமதி மெதுவாகச் சொன்னாள். “அஞ்சு மணியிலருந்து கேட்டுலயே நின்னா. ஷூவக் கழட்டவே விடல. நீங்க வந்ததும் அந்த வீட்டு கிரவுண்டுல ரேஸ் ஓடணுமாம்.”

நான் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்தேன்.

“ரெண்டாவது போனுக்கப்புறம் ஒண்ணு கேட்டா. இனிமே நம்ம அப்பாவும் போன் அப்பாவான்னு.”

மறைப்பானேன்... அழுதுவிட்டேன். அடுத்தவர் வீட்டு ஹாலில், மகளின் ஒரு கால் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு. போன் அப்பா ஆகிவிடக் கூடாது என்றுதானே இந்த வீட்டையே பார்க்க வந்தேன்?

ஜாபர் காக்கா எதையும் பார்க்காதவர் போலச் சாப்பிடக் கூப்பிட்டார். தட்டில் சோறு போட்டுக்கொண்டே ஏதோ பொதுவாகப் பேசினார். “ஆபீசுக்குப் போறவங்களுக்குத்தான் தம்பி இந்தப் பாடு. சைட்டுக்குப் போறவங்க விடியிறதுக்கு முன்னாடியே போயிருவாங்க. அசருக்கெல்லாம் திரும்பி வந்து என் கடையில டீ குடிப்பாங்க.” அவருக்கு மணி எல்லாம் தொழுகைக் கணக்கு. அசர் என்றால் மாலை நான்கு வாக்கில்.

சோறு இறங்கவில்லை. அந்த வார்த்தை மட்டும் இறங்கியது.

நானும் கட்டட வேலை நடக்கும் சைட்டில் இருந்தவன்தான். வந்த புதிதில் நாலு வருடம் வெயிலில் காய்ந்து, பிறகு கெஞ்சிக் கூத்தாடி டிராயிங் செக்‌ஷனில் ஏ.சி.க்குக் கீழே ஒரு நாற்காலி வாங்கியவன். சைட் டூட்டி காலை ஆறிலிருந்து மூன்று. நாலரைக்கு எழுந்து ஓடினால் ரோடு காலி. மூன்றுக்குக் கிளம்பினால் ஆபீஸ் கூட்டம் இறங்குவதற்கு முன்னால் வீடு.

அன்றிரவே மூன்று பேரும் தெய்ராவுக்குத் திரும்பினோம். திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் போய் நின்று, என்னை சைட்டுக்கு மாற்றுங்கள் என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “சைட்ல இருந்து ஆபீசுக்கு மாத்துங்கன்னு அழுதுகிட்டு வந்தவங்களைத்தான் இத்தனை வருஷமா பாத்திருக்கேன். ஏ.சி.ய விட்டு வெயிலுக்குப் போறேன்னு வந்த முதல் ஆள் நீங்கதான். என்ன பிரச்சினை?”

நான் ஷூ விஷயத்தைச் சொன்னேன். போன் அப்பாவையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குசைஸ் சைட்டில் ஆள் வேண்டும், புதன்கிழமையிலிருந்து போங்கள் என்று தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய குடும்பம் ஒன்பது வருடமாகப் பாலக்காட்டில் இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் லீவில் ஊருக்குப் போகிற நாம் எல்லோருமே வெள்ளிக்கிழமை வீடுதான். புதுச் சட்டை, செண்ட் வாசனை, பெட்டி நிறைய சாக்லேட். முப்பது நாளும் சிரித்த முகம். பிள்ளைகள் அந்த அப்பாவைத்தான் பார்க்கிறார்கள். அலுத்துச் சலித்து, எரிச்சலோடு வந்து சோபாவில் விழுகிற டூட்டி நாள் அப்பாவை அவர்கள் கண்ணில் காட்டுவதே இல்லை. அவனும் கொஞ்சம் நல்லவன்தான்... அவனையும் தெரிந்துகொள்ளட்டுமே.

புதன்கிழமை சைட்டில் முதல் நாள். மண்டை பிளக்கிற வெயில். மூன்று மணிக்குத் தொப்பியைக் கழற்றி காரில் எறிந்துவிட்டு தெய்ராவுக்குப் போகாமல் ராஸ் அல் கைமாவுக்கு விட்டேன். நாலு பத்துக்கு அந்த வீட்டு கேட் முன்னால் நின்று சுமதிக்குப் போன் செய்தேன். எங்கே இருக்கிறீர்கள் என்றாள். நம் வீட்டு வாசலில் என்றேன்.



“இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்லையே?” என்றாள்.

அடுத்த வாரம் சாமான் ஏற்றுகிறோம். தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு கேட்டில் ஒருத்தி ஷூ போட்டுக்கொண்டு ரெடியாக நிற்பாள். தோற்கப் போவது யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். எங்காவது என்னைப் பார்த்தால், ஏன் சார் இப்படிக் கறுத்துப் போய்விட்டீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்தக் காரணத்துக்கு ஐந்து வயது, கே.ஜி. டூ போகப் போகிறது.