கதவைப் பார்த்து உட்கார்ந்த துணிப்பிள்ளை

அந்தக் கைப்பை என்னுடையதுதான். கறுப்பு ரெக்சின். ஸிப் போய்விட்டது, ஒரு பக்கக் கைப்பிடியைக் கம்பியால் கட்டியிருந்தேன். நுவரெலியாவில் கூட்டம் என்றால் அதைக் கொண்டுபோக வெட்கமாக இருக்கும். எறியவும் மனம் வராது. கடைசியில் பிள்ளைக்காம்பராவின் விளையாட்டுக் கூடையில் போட்டேன். பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை விட்டுச் செல்லும் அந்த நீள அறைக்கு நான் பத்தொன்பது வருடம் பொறுப்பாக இருந்தேன். கூடையில் கிடந்ததெல்லாம் இப்படி வந்து சேர்ந்தவைதான்: சிரட்டைகள், காலிப் பவுடர் டப்பா, ஜோடியில்லாத செருப்பு, பழைய துவாயைச் சுருட்டி நான் கட்டிய துணிப்பிள்ளை. கடையில் வாங்கிய பொம்மை ஒன்றும் இருந்தது. அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் அதை அலுமாரியிலிருந்து எடுப்போம்.

பிள்ளைகள் அந்தக் கூடையை வைத்து ஒரு தோட்டத்தையே நடத்தினார்கள். ஒருவன் கங்காணியாகி மற்றவர்களை வரிசையில் நிறுத்தி அதட்டுவான். ஒருத்தி சிரட்டையில் தேத்தண்ணி ஊற்றுவாள். இரண்டு பேர் சேர்ந்து துணிப்பிள்ளைக்கு ஊசி போடுவார்கள். நான் அதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. கஞ்சி காய்ச்சும் நேரத்தில் காலைச் சுற்றாமல் இருந்தால் போதும் என்றிருந்தேன். என் பெருமையெல்லாம் சுவரில் ஒட்டிய அ, ஆ, இ, ஈ அட்டைகளில்தான். நான்கு வயதுப் பிள்ளை ஒன்று ஃ வரைக்கும் தடுக்காமல் சொல்லிவிட்டால் அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியாது.

குட்டிக்கு அப்போது மூன்று வயது. லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். இங்கேயும் குட்டியாகவே இருக்கட்டும். ஒருநாள் காலை அவளுடைய அம்மா வழக்கம்போல அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு அன்று இல்லை. புதுச் சேலை உடுத்தியிருந்தாள். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள் என்று எனக்கு முன்பே தெரியும். பிள்ளையை இறக்கிவிட்டு என் காதருகே வந்தாள்.

“டீச்சர், சொல்லிட்டுப் போனா அழுவா. அழுதான்னா எனக்குக் கால் நகராது. கொஞ்சம் வெளாட்டுக் காட்டி அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயிருங்க.”

நம்மவர்களிடம் இது எல்லா லயத்திலும் உள்ள வழக்கம். தூரம் போகிறவர்கள் பிள்ளை பார்க்காத நேரமாகப் பார்த்து நழுவிவிடுவார்கள். அதுதான் பிள்ளைக்கு நல்லது என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். எனக்கு உதவியாக இருந்த ஆயம்மா பின்புறம் ஒரு முயல் வளர்த்தார். அதைக் காட்டக் குட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். கீழே பாதையில் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டு அவள் தலையைத் திருப்பினாள். நான் அவள் கன்னத்தைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பி, “முயலப் பாரு, முயல் எல திங்குது பாரு” என்றேன்.

மாலையில் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுத் தாய்மார் ஒவ்வொருவராக வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். குட்டி படியில் உட்கார்ந்திருந்தாள். கடைசியாக, தொழிற்சாலையில் வேலை முடிந்து அவளுடைய அப்பா வந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தாள். அழவில்லை. மறுநாளும் அழவில்லை. “பாத்தீங்களா, அதுக்குள்ள மறந்துட்டா” என்று அவருக்கு ஆறுதல் சொன்னவள் நான்தான். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டு மாதம் போல அவள் சரியாகப் பேசவே இல்லை. பிறகு ஒருநாள் கூடையிலிருந்து என் பழைய கைப்பையை எடுத்தாள். செருப்பையும் பவுடர் டப்பாவையும் உள்ளே வைத்தாள். ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். துணிப்பிள்ளையைச் சுவரோரம் சாய்த்து, அதன் முகம் கதவைப் பார்க்கும்படி இரண்டு கையாலும் திருப்பி வைத்தாள். அப்புறம் கதவு வரைக்கும் நடந்து, நின்று, திரும்பிப் பார்த்து, “அம்மா போறேன்” என்றாள். அவ்வளவுதான் விளையாட்டு. திரும்பி வருவாள், மறுபடி போவாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று சொல்ல முடியாது. வேறு பிள்ளை யாராவது துணிப்பிள்ளையைத் தொட்டு அதன் முகம் வேறு பக்கம் திரும்பிவிட்டால் போதும், குட்டி கடிக்கப் போய்விடுவாள்.

எனக்கு அதைக் காணச் சகிக்கவில்லை. ஆறுகிற புண்ணைப் பிள்ளை தானே சொறிந்துகொள்கிறது என்று நினைத்தேன். கைப்பையை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, கையில் சிலேட்டைக் கொடுத்து, “அ எழுதுவோமா?” என்றேன். அவள் எழுதினாள். நன்றாகவே எழுதினாள். ஆனால் சோற்றைத் தொடவில்லை. பாயை நனைக்கத் தொடங்கினாள். மூன்றாம் வாரம், தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் யாரோ முணுமுணுக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஒரு ஷொப்பிங் பேக்கில் இரண்டு கற்களைப் போட்டுக் கையில் மாட்டிக்கொண்டு, சாத்திவைத்த விறகுக் கட்டை ஒன்றிடம் குட்டி விடைபெற்றுக்கொண்டிருந்தாள். என் பிடிவாதமும் சாதாரணமானதல்ல. ஆனால் அவளிடம் தோற்றேன். ஸ்டூல் போட்டு ஏறிக் கைப்பையை இறக்கிக் கொடுத்தேன். அன்று மத்தியானம் இரண்டாம் தரமும் சோறு கேட்டாள்.

இரண்டு வருடம் கழித்து அம்மா வந்தாள். அப்போதெல்லாம் முகம் பார்த்துப் பேசும் போன் எங்கள் லயங்களுக்கு வந்திருக்கவில்லை. குரல் மட்டும் எப்போதாவது வரும். ஆட்டோவிலிருந்து இறங்கிய பெண்ணைப் பார்த்துக் குட்டி மிகவும் மரியாதையாக, “வாங்க ஆன்ட்டி, உக்காருங்க” என்றாளாம். மூன்றாம் நாள் அந்த அம்மா பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நின்றாள்.

“எங்கிட்ட வரமாட்டேங்குறா டீச்சர். வீடு பாதியில நிக்குது, ரெண்டு மாசத்துல நான் திரும்பப் போயாகணும். அதுக்குள்ள ஒரு தடவையாவது அம்மான்னு கூப்பிடுவாளா?”

என்னிடம் மருந்து எதுவும் இல்லை. தெரிந்த ஒன்றைச் சொன்னேன். “பாய்ல சும்மா உக்காருங்க. அவளா வெளாட்டுக்குக் கூப்பிட்டாப் போங்க. என்ன சொல்றாளோ அதச் செய்ங்க.”

“எனக்கு வெளாடத் தெரியாதே டீச்சர்” என்றாள். உண்மைதான். பதினைந்து வயதில் மலைக்குக் கொழுந்தெடுக்க வந்தவள். முதல் நாள் குட்டி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு சிரட்டையை நீட்டினாள். அம்மா அதை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். குட்டி அதைத் திரும்ப எடுத்து, “சூடு. ஊதணும்” என்று ஊதிக் காட்டினாள். அந்த அம்மா, அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் முகம் சிவக்க, வெறும் சிரட்டையை ஊதி ஊதிக் குடித்தாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கஞ்சிப் பானைப் பக்கம் திரும்பினேன்.

மூன்றாம் நாள் குட்டி கைப்பையை எடுத்தாள். துணிப்பிள்ளையைத் தேடவில்லை. நேரே அம்மாவிடம் போய், “நீங்க பிள்ள. நான் அம்மா. நான் வெளிநாட்டுக்குப் போறேன்” என்றாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். குட்டி அவளுடைய இரண்டு கன்னத்தையும் பிடித்து முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பினாள்.

“முயலப் பாக்காத. இங்க பாரு. அம்மா போறேன்.”

நான் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். அகப்பை அப்படியே நின்றுவிட்டது. இரண்டு வருடமாக அந்தத் துணிப்பிள்ளை ஏன் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அவளிடமிருந்து நான் பறித்ததை அவளே ஒவ்வொரு நாளும் அதற்குக் கொடுத்துவந்திருக்கிறாள்.

“எப்ப வருவீங்க?” என்று அம்மா கேட்டாள்.

குட்டி யோசித்தாள். “கஞ்சி குடிச்சி, தூங்கி எந்திரிச்சி, அப்புறம் நெறையத் தடவ தூங்கி எந்திரிச்சி, அப்ப வருவேன்.” அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். குட்டி அதை இழுத்துவிட்டு, “அழுங்க. பிள்ளன்னா அழணும்” என்றாள். அந்தப் பெண் வாய்விட்டு அழுதாள். குட்டி வெளியே போய்ப் படியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே வந்து, பையிலிருந்த செருப்பையும் டப்பாவையும் அம்மாவின் மடியில் வைத்தாள். துண்டைக் கழற்றி அவளுடைய தோளில் போட்டாள். “இப்ப நீங்க அம்மா. நான் பிள்ள” என்றாள்.

அன்று மாலை இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு இறங்கிப் போனதைப் படியில் நின்று பார்த்தேன். விளையாட்டில் அம்மா என்று கூப்பிட்டவள் வீட்டிலும் அப்படியே கூப்பிட்டாளாம்.

அந்த வீடு பிறகு கட்டி முடிந்தது. குட்டிக்கு இப்போது இருபது வயது, அம்மாவும் திரும்பி வந்து பல வருடமாகிறது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அந்த நீள அறைக்கு நிறம் நிறமாகச் சாயம் பூசியிருக்கிறார்கள். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது, வாசலில் ஒரு தாய் தன் மகளிடம், “இன்னிக்கு என்ன எழுதுன?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் முதல் பத்து வருடம் அதையேதான் கேட்டவள், குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் இன்றைக்கு அந்தப் பிள்ளை யாராக இருந்தது, யாருக்குக் கஞ்சி கொடுத்தது, யாரை அனுப்பிவைத்தது என்று ஒருவராவது கேட்டால் தேவலை என்றிருந்தது.

அம்மா இரண்டாம் முறை புறப்பட்ட காலையைச் சொல்ல வேண்டும். அவர்கள் மூவரும் பெட்டியோடு வந்தார்கள். அப்பா என் பக்கம் வந்து, “பழையபடி பின்னால கூட்டிட்டுப் போயிருங்க டீச்சர்” என்று மெதுவாகச் சொன்னார். அம்மா கேட்டுவிட்டாள். “வேணாங்க. அவ பாக்கட்டும்” என்றாள். குனிந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள், எத்தனை தடவை தூங்கி எழ வேண்டும் என்பது வரைக்கும். நான் குட்டியைத் தூக்கி, முகம் பாதையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டேன். ஆட்டோ வளைவில் மறையும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் மலை முழுவதும் கேட்கிற மாதிரி அழுதாள். நான் வாயைப் பொத்தவில்லை, முயலைக் காட்டவில்லை.

கஞ்சி நேரத்துக்கு அழுகை தேம்பலாகிவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு கூடைப் பக்கம் போனாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். “டீச்சர், இன்னிக்கு நீங்கதான் பிள்ள” என்றாள். கஞ்சிப் பானையை ஆயம்மாவிடம் விட்டுவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தேன். அவள் கதவு வரைக்கும் நடந்து, நின்று, திரும்பிப் பார்த்து, என்னை அழச் சொன்னாள். அதற்கு நான் நடிக்க வேண்டியிருக்கவில்லை.