தாழிக்கு மேல் நட்ட கல்

சாரலில் நனைந்த செம்மண் வாசனை, ஏர்க்கொழு பானையில் உரசிய சத்தம்... இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் நினைவிருக்கின்றன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஓர் ஆடி மாதம். குத்துக்கல்வலசை ஓரத்தில் எங்களுக்கிருந்த ஒரே புஞ்சையை நானும் அப்பாவும் உழுதுகொண்டிருந்தோம். மண்ணைத் தள்ளிப் பார்த்தால், ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு தாழி. உள்ளே கறுப்புக் கிண்ணம். அதன் அடியில் எலும்பு.

"மூடுலே!" அப்பா அவசரமாக மண்ணைத் தள்ளினார்.

"செத்தவனுக்கா பயப்படுதிய?"

"செத்தவன் ஒரு கோழியோட போயிருவான். சர்க்கார் வந்தா போவுமா? ஆலங்குளத்துப் பக்கம் ஒருத்தன் புஞ்சையில இப்படித்தான் கெடைச்சுது. கம்பி வேலி போட்டுட்டாங்க. இப்ப வெளிய நின்னு பாத்துட்டுப் போறான்."

பயந்தபடியே நடந்தது. குற்றாலத்துக்குச் சீசன் குளிக்க வந்த தொல்பொருள் அதிகாரி ஒருவர், பானை ஓடு பொறுக்கிக்கொண்டே எங்கள் வரப்பு வரை வந்துவிட்டார். நாளைக்கு ஆட்களோடு வந்து தோண்டுவதாகச் சொல்லிப் போனார்.

வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் தாழிக்கு மேல் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, சிவப்புத் துணி சுற்றினோம். தாழிமாடன் என்று அப்பாவே பெயரும் வைத்தார்.

மறுநாள் அதிகாரி கல்லை உற்றுப் பார்த்தார். "நேற்று இது இல்லையே?"

அப்பா அசரவில்லை.

"நேத்து நீங்க செருப்போட நின்னிய. அதான் கண்ணுல படல."

அதிகாரி தன் காலைப் பார்த்தார். இரண்டடி பின்னால் போனார். பிறகு கும்பிட்டுவிட்டு ஆட்களைத் திருப்பி அழைத்துப் போனார்.

புஞ்சை தப்பியது. மூன்றாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல். மாடனுக்குக் கிடா நேர்ந்துகொண்டார்.

"நீங்க நட்ட கல்லுதானப்பா?"

"கல்லை நட்டது நான்தாம்லே. உள்ள இருக்கவன நான் வைக்கலையே..."

காய்ச்சல் இறங்கியது. ஊர் நம்பிவிட்டது. அதன்பின் கல்லைச் சுற்றிப் பத்தடிக்கு அப்பா ஏர் ஓட்டவில்லை. கிடாக்கள் கூடக் கூட இடம் போதவில்லை. மாடன் வருஷம் ஒரு வரப்பாகத் தாண்டினான். சர்க்காரிடமிருந்து காப்பாற்றிய புஞ்சை முழுவதும், யாரும் கேட்காமலே அவனுக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது அங்கே கோபுரம் இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது. அப்பா பயந்த கம்பி வேலியும் இருக்கிறது. கோயில் கமிட்டி போட்டது.

அந்தக் கல்லை நட்டவர்களில் இன்று உயிரோடிருப்பது நான் மட்டும்தான். அந்த வழியாகப் போனால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறேன். திரும்பிப் பார்ப்பதில்லை.