உலகநாதனின் குடலும் வேலம்பட்டைக் கஷாயமும்

லைட்ஹவுஸ் குப்பத்தில் வைத்தியம் தெரியாத ஆள் என்று ஒருவரும் கிடையாது. நாளைக்குக் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்டால் யோசிப்பார்கள். இறால் விழுமா என்று கேட்டால் வானத்தைக் காட்டுவார்கள். வயிற்று வலி என்று சொல்லிவிட்டால் மட்டும் யோசனையே இல்லை. சொன்னவர் வாயை மூடுவதற்குள் மருந்து வந்துவிடும்.

அப்படிப்பட்ட ஊரிலேயே அசைக்க முடியாத வைத்தியர் உலகநாதன். தொழில் என்னவோ வலை சரிசெய்வதுதான். ஐம்பதைத் தொடும் வயதில், கரையோரக் கொட்டகையில் காலை நீட்டி உட்கார்ந்து, கட்டைவிரலில் வலையை மாட்டி, கையில் ஊசியோடு கிழிசல்களை அடைத்துக்கொண்டே குப்பத்தின் இருமல், சொறி, மூட்டு வலி அத்தனைக்கும் தீர்ப்பு வழங்குவார். அவர் சொன்ன மருந்தால் யாரும் செத்ததில்லை. செத்தவர்கள் அவர் சொன்னபடி சரியாகச் சாப்பிடாதவர்கள்.

அந்த மகானுக்கே வயிறு கெட்டது. பேச்சின் நடுவே ஊசியும் கையுமாகச் சவுக்குத் தோப்பை நோக்கி ஓட ஆரம்பித்தார். போகப்போக ரத்தமும் சளியும் வந்தன. சூடு என்று இளநீர் குடித்தார். மூலம் என்று கருணைக்கிழங்கு தின்றார். லுங்கி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தபோது, கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி கஸ்தூரி கையைக் கழுவிவிட்டு வந்து அவரைச் சென்னை பஸ்ஸில் ஏற்றினாள்.

பெரிய ஆசுபத்திரியில் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். உலகநாதன் தலையை வாரிக்கொண்டு தயாரானார். கேமரா எந்த வழியாகப் போகும் என்பதைப் பிறகுதான் சொன்னார்கள். திரும்பி வரும்போது ஊருக்கு முன்னால் வரும் திருப்பாலைவனத்தை பஸ் தாண்டும்வரை அவர் வாயே திறக்கவில்லை.

"இன்னாய்யா பண்ணாங்க உள்ள?" என்றாள் கஸ்தூரி.

"கேக்காதமே. இந்த ஜென்மத்துல கேக்காத."

கையில் ஒரு வண்ணப்படம் கொடுத்திருந்தார்கள். வஞ்சிர மீனின் செவுள் என்றுதான் கஸ்தூரி முதலில் நினைத்தாள். அது அவர் பெருங்குடல். உள்ளே முழுக்கப் புண். உடம்பின் காவல்காரர்களே வீட்டுக்காரனைத் திருடன் என்று நினைத்துக் கடித்துக் குதறுகிற நோய் என்று டாக்டர் தேவதர்ஷினி விளக்கியிருந்தார். நன்றாகிவிட்டது போலத் தெரிந்தாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. புண் அடங்காவிட்டால் குடலையே எடுத்துவிட்டு மலம் சேர வயிற்றில் ஒரு பையைத் தொங்கவிட வேண்டி வரும் என்றும் சொல்லியிருந்தார்.

பை என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து உலகநாதன் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டார். ரத்தம் நின்றது. லுங்கியும் நின்றது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் குணமான மனிதனுக்கு யோசனை வரும். ஒரு நாள் படத்தை வெயிலில் பிடித்து உற்றுப் பார்த்தார்.

"இது குடல் இல்லமே. கிழிஞ்ச வலை. கண்ணி கண்ணியா போயிருக்கு பாரு."

"வலைய எவனாவது வயித்துக்குள்ள வெச்சுப்பானா? மாத்திரையப் போடுய்யா."

அவர் காதில் விழவில்லை. பருத்தி நூல் வலை இருந்த காலத்தில் அதை வேலம்பட்டைச் சாற்றில் ஊறப்போடுவார்கள். உப்புத் தண்ணீரில் சீக்கிரம் மக்காது. நைலான் வந்த நாளிலிருந்து அந்த அறிவு வேலையில்லாமல் சும்மா கிடந்தது. உலகநாதன் அதற்குத் தன் குடலில் வேலை போட்டுக் கொடுத்தார்.

பழவேற்காட்டு நாட்டு மருந்துக் கடைக்காரர் ஜமால் முகம்மது, "பட்டை எதுக்கு, பல்லு வலியா?" என்று கேட்டார்.

"குடலுக்கு பாய்."

"அடடே! அப்ப மாதுளைத் தோலையும் சேத்துக்கோ. கேக்கவே வேணாம்."

உலகநாதனும் கேட்கவில்லை. மாத்திரைகள் வலை ஊசி வைக்கும் டப்பாவுக்குள் போயின. கறுத்த கஷாயம் வாய்க்குள் போனது. வாரக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. அதுவரை தின்ற மாத்திரையின் புண்ணியமாக இருக்குமோ என்று யாருக்கும் தோன்றவில்லை. பெயர் முழுவதையும் பட்டையே தட்டிக்கொண்டு போனது.

கொட்டகையில் கூட்டம் கூடியது. ஏரித் தீவான பசியாவரத்தில் தண்ணீரில் இறங்கிக் கையால் நண்டு பிடிக்கிற மாசிலாமணி, கேனோடு படகேறி வந்தான்.

"தலைவரே, எனக்கும் கீழ ரத்தம் போவுது."

"மூலம். குடி."

"எப்டிக் கண்டுபுட்ச்ச?"

"மூஞ்சிலயே எழுதி ஒட்டிக்கீதே."

மாசிலாமணி தன் மூஞ்சியைத் தடவிப் பார்த்துக்கொண்டு கேனில் கஷாயத்தை நிரப்பிக்கொண்டு போனான்.

குடலும் வலையும் ஒன்றுதான் என்று உலகநாதன் ஒரு காலையில் ஊருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது பாதி வாக்கியத்தில் எழுந்து ஓடினார். திரும்பவில்லை. கஸ்தூரி தேடிப் போனபோது சவுக்குத் தோப்பில் விழுந்து கிடந்தார். மணலெல்லாம் ரத்தம். ஆம்புலன்ஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது.

"மாத்திரை சாப்பிட்டாரா?" என்று கேட்டார் டாக்டர் தேவதர்ஷினி.

"நிறுத்திட்டாரு மேடம்," என்றாள் கஸ்தூரி.

"அதுக்குப் பதிலா?"

"வலைக்குப் போடற பட்டை."

டாக்டரின் பேனா அப்படியே நின்றது. "எதுக்குப் போடறது?"

"வலைக்கு மேடம்," என்று கட்டிலிலிருந்து உலகநாதன் ஈனஸ்வரத்தில் திருத்தமாகச் சொன்னார். "மக்காது."

ஊசி மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது. அடங்காவிட்டால் ஆபரேஷன் என்றார்கள். ஆபரேஷன் டாக்டர் வந்து உட்காரச் சொன்னார், படுக்கச் சொன்னார், பிறகு தொப்புளுக்குப் பக்கத்தில் பேனாவால் கறுப்பாக ஒரு புள்ளி வைத்தார். பை வருவதானால் அந்த இடத்தில் வரும். மனை வாங்குகிறவன் கல் நட்டுவிட்டுப் போவது மாதிரி வைத்துவிட்டுப் போய்விட்டார். உலகநாதன் அந்தப் புள்ளியைப் பார்த்தபடியே கிடந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் எந்த மருந்தும் இல்லை.

மருந்து பிடித்துக்கொண்டது. ரத்தம் குறைந்தது. குடல் தப்பியது. கொஞ்சம் தேறியதும், பார்க்க வந்த டாக்டர் தேவதர்ஷினியிடம் மெல்லக் கேட்டார்.

"வேலம்பட்டை தப்பா மேடம்?"

"மாத்திரைய நிறுத்தினது தப்பு. பட்டை இந்த நோய்க்கு என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது."

டாக்டர் விளையாடுகிறார் என்று நினைத்தார். "அப்ப மஞ்சள்?"

"அதுல இருக்கற ஒரு பொருளை மாத்திரையோட சேத்துக் குடுத்துப் பாத்திருக்காங்க. சிலருக்கு நல்லா இருந்திருக்கு. எல்லாருக்கும் கேக்குமா, எவ்வளவு குடுக்கணும், இன்னும் உறுதியாத் தெரியாது. இங்கயும் ஒரு ஆய்வு நடக்குது. மாத்திரை எல்லாருக்கும் உண்டு. கூட, பாதிப் பேருக்கு மஞ்சள் அடைச்ச கேப்சூல். மீதிப் பேருக்கு அதே மாதிரி, உள்ள மருந்தே இல்லாத கேப்சூல். சேரறீங்களா?"

"எனக்கு எது வரும்?"

"தெரியாது."

"உங்களுக்குத் தெரியும்ல?"

"எனக்கும் தெரியாது. உங்களுக்குக் குடுத்தது மஞ்சள்னு தெரிஞ்சா, நீங்க நல்லாயிட்டீங்கன்னு நானே நெனச்சுக்குவேன்."

கேமரா போன அன்றுகூட உலகநாதன் இவ்வளவு அதிர்ந்ததில்லை. படித்த டாக்டர், வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். பட்டப்பகலில், நாலு நோயாளி கேட்கும்படி, கூச்சமில்லாமல் தெரியாது என்கிறார். லைட்ஹவுஸ் குப்பத்தில் கைக்குழந்தைகூட அப்படிச் சொல்லாது. வயிற்றுப் புள்ளியைத் தடவிக்கொண்டே, "மாத்திரை உண்டுல்ல? அப்ப செரி," என்றார்.

ஊர் திரும்பியதும் கொட்டகையில் பழைய கூட்டம். முன்னால் கேனோடு மாசிலாமணி. முகம் வெளுத்திருந்தான்.

"தலைவரே, கஷாயம் தீந்துபோச்சு. இன்னமும் ரத்தம் போவுது. இன்னும் எவ்ளோ குடிக்கணும்?"

உலகநாதன் வலையைக் கீழே வைத்தார். "தெரியாது."

பக்கத்தில் மீன் அரிந்துகொண்டிருந்த கஸ்தூரியின் கை நின்றது. கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

"மூலம்னியே?" என்றான் மாசிலாமணி.

"அதுவும் தெரியாது."

"கேமராவ ரொம்ப மேல வரைக்கும் விட்டுட்டாங்க போல," என்று பின்னாலிருந்து யாரோ இரக்கத்தோடு சொன்னார்கள். ஊர் அதை உடனே உறுதி செய்தது. ஆளுக்கொரு மருந்தும் சொன்னது.

உலகநாதன் சட்டையைத் தூக்கி, இன்னும் முழுதாக அழியாத கறுப்புப் புள்ளியை மாசிலாமணிக்குக் காட்டினார். "பாத்துக்கோ. உன் வயித்துல இத வெக்காம இருக்கணும்னா, கெளம்பு. உள்ள பாத்தாத்தான் இன்னான்னு தெரியும்."

"உள்ளயா? எந்த வழியா?"

ஊசி டப்பாவைத் திறந்து மாத்திரையை எடுத்து விழுங்கினார். செருப்பை மாட்டினார். மாசிலாமணியின் கையிலிருந்த கேனை வாங்கிக் கஸ்தூரியிடம் கொடுத்துவிட்டு, அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பஸ் திருப்பாலைவனம் தாண்டட்டும். சொல்றேன்."